மூடி திறக்காத குடுவைகளை நம்பிய தலைவிக்கு

மரபணுக் கூடத்தின் மாண்புமிகு தலைவியே, குடுவைச் செடிகளின் குலமும் கோத்திரமும் அறிந்த கோமகளே, முதுகுக்குப் பின்னால் நாங்கள் ‘மறுபடியும் மேடம்’ என்றழைத்த, இன்று பணி ஓய்வு பெறும் அன்புக்குரியவரே, வணக்கம்!

பூச்சி தின்னும் செடிகளிடம் பொறுமையாகவும், சாக்குச் சொல்லும் எங்களிடம் அதைவிடப் பொறுமையாகவும் பணியாற்றினீர்கள். கையுறை போடாமல் பிப்பெட் குழாயைத் தொட்டவர் எவரும் உங்கள் கண்ணுக்குத் தப்பியதில்லை.

குடுவைச் செடிகள் இருந்த இரண்டு சதுப்புகளிலும் வளர்வது ஒரே வழிவந்தவைதாம் என்றால், ஒன்றைத் தூர்த்துச் சாலை போடச் சாலைத் துறையினர் காத்திருந்தார்கள். மரபணுக் குறிகளை ஒப்பிட்டு நாம் சொல்லும் பதிலில்தான் அந்தச் சதுப்பின் உயிர் இருந்தது. எங்கள் முதல் சோதனையில் செடிக்குச் செடி வேறுபாடு வந்து குவிந்தது. வாய்கொள்ளாச் சிரிப்போடு அறிக்கை எழுத உட்கார்ந்தோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு குடுவையை மேசையில் கவிழ்த்தீர்கள். பாதி செரித்த எறும்புகள் விழுந்தன.

“நீங்க பாத்தது செடியோட வித்தியாசம் இல்லப்பா, அது சாப்பிட்ட எறும்போட வித்தியாசம். எறும்பு உள்ள போக முடியாத, மூடி திறக்காத குடுவையா பாத்துப் பறிச்சுட்டு வாங்க. மறுபடியும் செய்வோம்.”

சதுப்பு வழக்கின் விசாரணை நாள் நெருங்கிய வேளை அது. முணுமுணுத்துக்கொண்டே முழங்கால் சேற்றில் இறங்கினோம். கூடத்துக் குளிர்பெட்டி பழுதானதும், பறித்த குடுவைகளை உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள். இரண்டாம் சோதனையில், நாங்கள் பெருமை பேசிய வேறுபாடுகளில் பெரும்பாலானவை காணாமல் போயின. ஆனால் எஞ்சிய சில குறிகள் தூர்க்கவிருந்த அந்த ஒரு சதுப்பில் மட்டுமே இருந்தன. எத்தனை முறை பார்த்தாலும் அங்கேயே இருந்தன. விசாரணையில் எதிர்த்தரப்பு நிபுணர் முதலில் கேட்டதே எறும்பைப் பற்றித்தான். உங்களிடம் பதில் இருந்தது. சதுப்பு பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். அன்று விட்ட பெருமூச்சில் இன்னும் கொஞ்சம் எங்களிடம் மிச்சமிருக்கிறது.

“இனிமே ஃப்ரிட்ஜைத் திறந்தா காய்கறி மட்டும்தானே இருக்கும்?” என்று உங்கள் கணவர் இன்று வாசலிலேயே கேட்டுவிட்டார். நாங்கள் அவருக்கு உறுதி எதுவும் தரவில்லை.

ஏனெனில், நீங்கள் காத்த சதுப்பின் விதையில் முளைத்த செடி ஒன்றைத்தான் பரிசாகத் தருகிறோம். அதன் முதல் குடுவை இன்னும் மூடி திறக்கவில்லை. திறக்கும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். எறும்பு விழுந்தால் விழட்டும் மேடம், சும்மா உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். நோயின்றி, அவசரமின்றி, நெடுங்காலம் வாழுங்கள்.

உங்களுக்குப் பயந்து இம்மடலை மறுபடியும் சரிபார்த்த,
மரபணுக் கூடப் பணியாளர்கள்