கை காட்டுகிறவனின் மகள்

சீனி குறைவென்றால் சொல்லுங்கள், ஐயா. இந்த வீட்டில் தேத்தண்ணி போடுவது என் மகள் கமலாதேவி. கொஞ்ச நாளாக நான்தான் போடுகிறேன். நீங்கள் குடித்து முடிப்பதற்குள் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். எழுத்துச் சரிந்திருக்கும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் குசினி வாசலில் இருத்தி எனக்குப் படிப்பித்தது.

இளவயதில் எனக்குக் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்து விதைக்கு இறங்கிவிட்டது. பிள்ளை கிடையாது என்று ஓர்ஸ் ஹில்லில் அப்போது இருந்த ஒரு டாக்குத்தர் சொன்னார். வேறொருவனின் விந்தணுவை ஊசிக்குழாயால் உன் மனுசிக்கு வைக்கலாம், ஆளை நீயே பார்த்துக் கொண்டுவா என்றார். நான் குணரத்தினத்தைக் கூட்டிப்போனேன். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த, சல்லி என்கிற ஊர்க்காரன், தனிக்கட்டை, வாய் திறக்காதவன். என் மனுசி பூரணிக்கும் ஆள் யாரென்று தெரியாது. அவனுக்கு உடுக்க ஒரு சாரம் வாங்கிக் கொடுத்தேன். அதோடு அவன் பங்கு முடிந்தது.

போன மாரியில் பூரணி சாகக் கிடந்தபோது மகளிடம் சொல்லிவிட்டாள். செத்தவீடு முடிய அவள் கேட்டாள்:

“அந்த ஆள் ஆர் அப்பா?”

“உனக்கு அப்பனா நான் காணாதோ, போதாதோ?”

“காணும். நீங்கள்தான் அப்பா, அதை ஆரும் மாத்த ஏலாது. ஆனா இந்தச் சின்னி விரல் ஏன் இப்பிடி வளைஞ்சிருக்கு? அம்மாக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. தந்த ஆளை ஒருக்காப் பாத்தாக் காணும். ஒண்டும் கேக்கமாட்டன்.”

நியாயமான கதைதான். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் ஒருக்காப் பார்த்த கண் திரும்ப என்னைப் பார்க்கும்போது அளந்து பார்க்கும், ஐயா.

அதன்பிறகு எனக்குச் சோறு கொண்டுவரும் சாட்டில் அவள் துறைமுக வாசலில் நின்று ஆட்களின் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள். சுமை தூக்கி இறக்கும் வின்ச் பிடிக்கிற அப்துல் மஜீத் பகிடி விட்டான்: “என்ன தங்கச்சி, எங்களுக்குக் கைரேகை பாக்கிறியளோ? எனக்கு ரெண்டாங் கலியாணம் இருக்கோ எண்டு சொல்லுங்கோ.” குணரத்தினம் கையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டான். அன்று பின்னேரம் என்னிடம் வந்தான்.

“அண்ணை, பிள்ளை தேடுது. எனக்கும் வேற ஆர் இருக்கினம்? ஞாயிற்றுக்கிழமை வீட்ட வந்து சொல்லப்போறன்.”

“வா, மீன் வாங்கி வைக்கிறன்” என்றேன்.

எங்கள் வேலையை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். கப்பலின் அடித்தட்டில் குனிந்து நிற்பவனுக்கு மேலே தொங்கும் சுமையைப் பார்க்க நேரமில்லை. வின்ச் பிடிக்கிறவனுக்கு அடியில் நிற்பவன் தெரியமாட்டான். நடுவே, மேல்தட்டில் சுமை இறங்கும் வாயின் விளிம்பில் நான் நிற்பேன். இரண்டு பேரும் என் கையைத்தான் நம்புவார்கள். சனிக்கிழமை தேயிலைப் பெட்டிகள் ஏற்றினோம். இடக்கையால் குணரத்தினத்தை நடுவுக்கு வா என்றேன். வலக்கையால் மஜீதுக்கு இறக்கு என்றேன். இரண்டு பேரும் சொன்னபடி செய்தார்கள். மஜீதில் பிழையில்லை, அவனை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நான் நினைக்கவில்லை. சல்லியில் குணரத்தினத்தின் வீட்டில் அவன் பிரேதத்தைக் கிடத்தி, வழக்கம்போலக் கைகளை நெஞ்சில் வைத்துப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுண்டுவிரல் தனியே வளைந்து நின்றது. என்னோடு வந்த கமலா தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மேல நிண்டது உங்கட கைதானே, அப்பா?”

வீட்டுக்கு வந்து உடுப்பு அடுக்கினாள். மனம் சரியில்லாத பிள்ளையை வெளியே விட ஏலுமா? அறையைப் பூட்டினேன். யன்னலுக்கு வெளியால் பலகை அடித்து, சோற்றுக் கோப்பை போகுமளவு இடைவெளி விட்டிருக்கிறேன். கோப்பை தொடாமலே திரும்பி வருகிறது. முதலில் “திறவுங்கோ” என்று கதவைத் தட்டினாள். இப்போது சத்தமில்லை, சமாதானமாகிவிட்டாள். நானும் வேலைக்குப் போவதில்லை, கதவடியிலேயே பாயைப் போட்டிருக்கிறேன்.

எழுதி முடிந்தது. உங்களோடு பொலிஸ் ஸ்டேசனுக்கு வருகிறேன், ஐயா. இடுப்பில் இருப்பது அந்த அறைச் சாவி, அதை மட்டும் கேட்காதீர்கள். திறந்துவிட்டால் எங்கே போவாள்? இந்த உலகத்தில் அவளுக்கு அப்பா என்று இருப்பது நான் ஒருத்தன்தான்.