பேர் சொல்லிக் கூப்பிட்ட தெரு

இதையெல்லாம் கேட்டு என்ன கிழிக்கப் போகிறீர்கள்? வேறு சோலி இல்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள். கேட்டால் மறக்கக் கூடாது.

ஓடுகிறேன். தொண்ணூற்றெட்டாம் வருசம். மாசி மாதம். எதிரே ஜனம் என்மேல் மோதிக்கொண்டு ஓடி வருகிறது. நான் மட்டும் ஊருக்குள் ஓடுகிறேன். டமார் என்று கேட்கவில்லை. தகர டப்பாவைக் கிணற்றில் போட்ட மாதிரி, டொம். பிறகு காதுக்குள் கொய்ங்.

"அந்தப் பக்கம் போகாதீங்க அம்மணி! குண்டு! குண்டு!"

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தான் இருந்தார். தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர். பெரிய வீட்டுக்காரர்களின் தெருவில், வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். ஊர் ஓரத்துக் கணபதியிலேயே குடியிருந்து காலம் தள்ளிய நான் அந்தத் தெருவைக் கண்டதில்லை.

பெரிய ரோட்டை அடைத்துவிட்டார்கள். உள் தெருவில் நுழைகிறேன். சத்தமே இல்லை. கோலம் கலையாமல் கிடக்கிறது. எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. எங்கோ ஒரு குக்கர் விசில். தெருவுக்குத் தெரு ஒரு வேப்பமரம். எந்த வேப்பமரம் என்று சொன்னாரா அந்த மனுசன்?

கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்ட மாதிரியேதான்.

"ஏனுங்க! ஏனுங்கோ!"

ஒரு ஜன்னல் திறந்தது. "ஏனுங்க?" என்றது ஒரு வழுக்கைத் தலை. அடுத்த வீட்டில் ஒரு மீசை. மொட்டை மாடியில் ஒரு பனியன். கோயமுத்தூரில் எல்லாப் புருசனுக்கும் அதுதானே பேர். என்னுடையவர் மட்டும் வரவில்லை.

மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க்கா! பேரு!"

புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பாள் என் அம்மா. வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

வெளிச்சம் மங்கும்போது வண்டியைக் கண்டேன். இஸ்திரிப் பெட்டியில் இன்னும் இளஞ்சூடு. ஒரு வெள்ளைச் சட்டை. ஒரு கை மட்டும் தேய்த்திருந்தது. ஆள் இல்லை. தூரத்தில் மறுபடி, டொம். வேப்பம்பழுப்பு உதிர்ந்தது.

"பழனிச்சாமீ!"

கத்திவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டது. இந்த முறை ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

கரி வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறார். முதல் சத்தத்திலேயே முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதுவரை நான்தான் கொன்றேன் என்று நினைத்திருந்தேன்.

போனது ஒரு புருசன். ஒரு கரிப்பை. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஏனுங்க என்கிற ஒரு சொல். அதை அப்புறம் யாரிடம் சொல்ல?

கருமாதிக்கு வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், பேரைச் சொன்னேனாமே என்று கிசுகிசுத்தார்கள். அவர்களிடம் சொன்னேன்.

"அவரு போனது மொதச் சத்தத்துல. நான் பேரச் சொன்னது வெளக்கு வெக்கையில. எம்மேல பழி இல்லீங்க. நீங்களும் ஊட்டுக்குப் போயி உங்கூட்டுக்காரரப் பேரச் சொல்லி ஒருக்காக் கூப்புட்டுப் போடுங்க கண்ணு. திரும்பிப் பாக்க ஆளு இருக்குதில்ல."