என் கோட்டைப் போட்டுக்கொண்டு ரைன் நதியைக் கடந்தவர்

பெயர் வெண்டலின் ஹாஸ், தகப்பனார் யாகோப், வயது அறுபத்து மூன்று, வண்டியோட்டி, ஹிர்ஷ்பாக் கிராமம். தூக்கிலிடப்பட்டு இந்த வழக்குக்குக் காரணமான கிலியன் என் மகன். எழுத்தர் என் சாட்சியத்தை எழுதிக்கொள்ள முன்வந்தார். போன குளிர்காலத்தில் எழுதக் கற்றுக்கொண்டேன், நேரமானாலும் நானே எழுதுகிறேன் என்றேன். நீதிபதி சம்மதித்தார்.

குற்றம் சாட்டப்பட்ட எதிரியான கர்னல் ஆல்பிரெக்ட் ஃபான் ரீடர்னை 1914 முதல் அறிவேன். அப்போது அவர் லெப்டினன்ட், நான் அவருடைய ஆர்டர்லி. குதிரைகளும் சிப்பாய்களும் தின்ற பிறகுதான் அவர் தட்டைத் தொடுவார். அவருடைய வக்கீல் இதை எழுதச் சொன்னார். உண்மை என்பதால் எழுதினேன்.

1918 நவம்பரில் நாங்கள் தோற்றுத் திரும்பியபோது, ரைன் பாலத்தில் எங்கள் படையிலேயே கலகம் செய்த சிப்பாய்கள் அதிகாரிகளைப் பிடித்துத் தோளிலிருந்த பதவிப் பட்டைகளைப் பிய்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கேப்டனாக இருந்த அவருடைய கோட்டை ஆற்றில் எறிந்துவிட்டு என் கோட்டை அவருக்கு மாட்டினேன். ஒருவன் மறித்தான்.

"யாருடா இவன்? கலப்பை புடிச்ச கையாத் தெரியலையே?"

"என் மச்சான்டா, தையக்காரன். ஊசியத் தவிர எதையும் புடிச்சதில்ல, பொண்டாட்டியக்கூட."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். பாலம் தாண்டியதும் கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு அவர் ராணுவத்திலேயே தங்கினார். 1926இல் கிலியனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றார். அதன் பிறகு அடுத்த போரில் பிரான்சிலும் ருஷ்யாவிலும் இருந்து, 1945இல் கர்னலாக எங்கள் வட்டாரத்தைக் காக்க வந்தார். அந்தச் செய்தி கேட்டு வீட்டில் வாத்து அறுத்தோம்.

ஏப்ரலில் அமெரிக்கர்கள் நெருங்கியபோது கிலியன் சிதறிய படையிலிருந்து வீடு வந்து, சீருடையைக் கழற்றிவிட்டு என் சட்டையைப் போட்டுக்கொண்டான். வைக்கோல் பரணில் ஒளித்துவைப்போம் என்றாள் என் மனைவி. "ஞானத்தகப்பன் கர்னலா இருக்கறப்ப எம்புள்ள எதுக்குடி ஒளியணும்?" என்று சொல்லி நானே அவனை வண்டியில் ஏற்றிக் கர்னல் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"கர்னல் ஐயா, வீட்டுல இருக்கலாம்னு பையனுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"சீருடையக் கழட்டினவனுக்கு ஒரே தண்டனைதான், ஹாஸ்."

"பாலத்துல நீங்க போட்டிருந்தது யாரு கோட்டுங்க ஐயா?"

மேசையைச் சுற்றி மற்ற அதிகாரிகள் இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்து, "பாவம், இந்த ஆளுக்கு மூளை கலங்கிப்போச்சு" என்றார்.

அதன் பிறகு என்னைச் சமையலறைக்கு அனுப்பி சூப் கொடுக்கச் சொன்னார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்துக் குடித்தேன். நான் குடித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்து லிண்டன் மரத்தில் கிலியனைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த நாள் கர்னல் அமெரிக்கர்களிடம் முறைப்படி சரணடைந்தார்.

இன்று காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் எதிரி என்னைப் பார்த்து, "சௌக்கியமா, ஹாஸ்?" என்று கேட்டார். என் குதிகால்கள் பழைய சிப்பாய்ப் பழக்கத்தில் தாமாகவே ஒன்று சேர்ந்து விறைத்து நின்றன.

வக்கீல் எழுதச் சொன்ன அந்த ஒன்றைத் தவிர, இதில் எவரும் சொல்லிக்கொடுத்த சொல் ஒன்றும் இல்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன், அனைத்தும் நடந்தது நடந்தபடியே.

(ஒப்பம்) வெண்டலின் ஹாஸ்