சுடும் பொருள்

இந்த அறையில் ஏ.சி.யை இருபத்து நாலில் வைத்திருக்கிறீர்கள். நல்லது சார். எங்கள் ஆபீஸில் பதினெட்டில் வைத்துவிட்டு எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். அதுவும் வசதிதான். நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் சிவசங்கரன். சொந்த ஊர் திருச்சி. துபாய்க்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷின் இருக்கிறதல்லவா, அதைக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. எந்தக் கடைக்கு மெஷின் கொடுக்கலாம், எந்தக் கடையில் அதை நிறுத்த வேண்டும் என்று பார்ப்பது என் டூட்டி. துப்பாக்கி விற்பவர்களுக்கு நாங்கள் சேவை தருவதில்லை. முறையான லைசென்ஸ் வைத்திருக்கும் வேட்டைச் சாமான் கடையாக இருந்தாலும் கிடையாது. அது சரியா தவறா என்று நான் யோசித்ததில்லை. ரூல் இருந்தது, பின்பற்றினேன்.

கடைக்காரர்கள் தரும் சரக்குப் பட்டியலை ஒரு சாஃப்ட்வேர் படிக்கும். சந்தேகமான வார்த்தை இருந்தால் என்னிடம் அனுப்பும். நான் பார்த்துவிட்டு 'ஆயுதம்' என்றோ 'ஆயுதம் இல்லை' என்றோ ஒரு பட்டனை அழுத்துவேன். பதினோரு வருஷத்தில் என் முடிவு ஒன்றைக்கூட யாரும் மாற்றியதில்லை. அதற்காக ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஜூலையில் தேரா பஜாரிலிருந்து ஒரு கடையின் பட்டியல் வந்தது. தையல், அலங்காரச் சாமான் கடை. லேஸ், பாசிமணி, ஜிகினா. நடுவில் 'குளூ கன்' என்று ஒரு வரி. பக்கத்திலேயே, பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். 'ஆயுதம்' என்று அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் படம் திரையில் வந்தது. அன்றைக்கு நெட் கொஞ்சம் மெதுவாக இருந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில், பக்கவாட்டில் பூப் படம் போட்ட, பசையை உருக்கி ஊற்றும் கருவி. என் மகள் ஷ்ருதியிடமும் ஒன்று இருக்கிறது. ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு வாங்கியது.

உடனே திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். திருத்தலாம். அதற்கு ஒரு ஃபார்ம் உண்டு. அதில் மூன்றாவது கட்டம், 'தவறு செய்தவர் பெயர்'. அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபார்மை மூடிவிட்டேன்.

கடைக்காரர் பெயர் கலீலுர் ரஹ்மான். காயல்பட்டினத்துக்காரர், தேராவில் முப்பத்தோரு வருஷமாகக் கடை நடத்துகிறவர். கடையில் மெஷின் நின்றுபோனதும் மரியாதையாக ஒரு மெயில் அனுப்பினார், இது பசை ஒட்டுவதற்கானது என்று. பதில் வராததால் பட்டியலில் 'குளூ கன்' என்பதை எடுத்துவிட்டு 'பசை ஊற்றி' என்று மாற்றினார். பொருளின் தன்மையை மறைக்கப் பெயரை மாற்றுவது எங்கள் ரூல் புத்தகத்தில் தனிக் குற்றம். அதையும் ஃபைலில் சேர்த்தேன்.

மூன்றாவதாக அவர் செய்ததுதான் விபரீதமாகிவிட்டது. நேரில் பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்து, ஒரு குளூ கன்னை அட்டைப் பெட்டியில் போட்டு ஆபீஸுக்கே அனுப்பிவைத்தார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'கன், உங்கள் பார்வைக்கு' என்று அவரே எழுதியிருந்தார். கட்டடத்தைக் காலி செய்தார்கள். முந்நூற்று நாற்பது பேர் ஜூலை வெயிலில் பார்க்கிங்கில் நின்றோம். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். கடைசியில் கட்டடத்தின் செக்யூரிட்டி அதிகாரி பெட்டியைத் திறந்தார், பிளக்கில் செருகிப் பார்த்தார், பிய்ந்திருந்த தன் ஷூவை அதிலேயே ஒட்டிக்கொண்டார். நான் ஃபைலில் எழுதினேன்: அலுவலகத்துக்கு ஆயுதம் அனுப்பப்பட்டது, ஊழியர் இருவர் பாதிப்பு.

என் மேனேஜர் அப்துல் ஹாதி என்னைக் கூப்பிட்டார். "சிவா, அது பசைப்பா. அடுத்த மாசம் வெளியிலேருந்து ஆடிட் வர்றாங்க. அந்த ஃபார்ம்ல கையெழுத்தப் போட்டு முடி. கலாஸ்," என்றார். நான் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். நல்ல மனிதர், கொடுத்தார்.

நான் எதையும் ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவெடுப்பவன் இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு அப்ரா படகு பிடித்துத் தேராவுக்குப் போனேன். கார்டு கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பாய் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். கார்டு மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்.

"இப்ப யாரு தம்பி கையில காசு வச்சிருக்கா? கார்டு இல்லேன்னதும் பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க," என்றார். மேஜை மேல் பாதி ஒட்டிய தட்டுகள் இருந்தன. ஆகஸ்ட் கடைசியில் ஊரில் அவர் மகள் அப்ஸானாவுக்கு நிக்காஹ். சீர்த் தட்டுகளைத் தானே முத்து வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். கருவி பக்கத்தில் செருகியிருந்தது. நான் அதன் முனையைத் தொடப் போனேன். பாய் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க தம்பி, அது சுடும்."

அன்று மாலையே எழுதிவிட்டேன்: பொருள் சுடும் என்பதை உரிமையாளரே வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்.

கிளம்பும்போது என் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றும் சொன்னேன். "அல்லாஹ் உங்களை நல்லா வைப்பான்," என்றார்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு பார்சலை ஸ்கேன் செய்தபோது உள்ளே ஏர் பிஸ்டல் ஒன்று இருந்தது. பெறுநர் முகவரி கலீலுர் ரஹ்மானின் கடை. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கடைக்கு சீல் வைத்தார்கள். பாய் இருபத்தாறு நாள் உள்ளே இருந்தார். ஆடிட்டுக்கு வந்தவர்கள் என் ஃபைலை வரி விடாமல் படித்துவிட்டு, ஒன்றரை மாதம் முன்பே கண்டுபிடித்திருக்கிறாரே என்று வியந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கேஸைப் பாடமாக நடத்தினோம். நான்தான் நடத்தினேன்.

பாயின் மனைவி ஷம்சியா ஒருநாள் போன் செய்தார். பாய் என்னுடைய நம்பருக்குப் பக்கத்தில் 'நல்ல மனுஷன்' என்று எழுதி வைத்திருந்தாராம். "நாளைக்கு நிக்காஹ். பொண்ணுக்குப் பொறுப்பா, வலியா நிக்க வாப்பா இல்ல, அவங்க தம்பிதான் நிக்கப் போறாங்க. நீங்க கடைக்கு வந்து பார்த்தவங்கதானே. அவங்க அப்படிப்பட்ட ஆள் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்று அழுதார். அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு புகார் பிரிவின் நம்பரைக் கொடுத்து, எழுதிக்கொண்டாரா என்று திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன்.

அந்தப் பிஸ்டலுக்குப் பணம் கட்டிய கார்டு என்னுடையதுதான் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். மறைக்க முயன்றதாகத் தயவுசெய்து எழுதாதீர்கள். மறைப்பதென்றால் வேறு யாருடைய கார்டையாவது பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அது மோசடி. அந்த மாதிரிக் காரியத்தை நான் செய்ததில்லை. ஆமாம், ஆர்டர் போட்டது நான். முகவரியைப் பாய் கொடுத்த விசிட்டிங் கார்டைப் பார்த்து அடித்தேன். எழுத்துப் பிழை வராமல் இரண்டு முறை படித்தும் பார்த்தேன்.

பாயை விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கடையை இதற்குள் வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார்களாம், மொபைல் கவர் விற்கிறார்களாம். அதற்காக நானும் வருத்தப்படுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் சார். அந்தப் பார்சல் மட்டும் வராமல் இருந்திருந்தால், ஒரு பாவமும் அறியாத மனிதருடைய பிழைப்பைக் கெடுத்த பாவம் என் தலையில் விழுந்திருக்கும்.