துடைப்பக் கம்பி

புதுக் கம்பி சுத்தமாக ஒலிக்கும். அதுதான் அதன் குறை. கொஞ்சம் துருப்பிடித்து, வீட்டுப் புகையைக் குடித்த பிறகுதான் அழத் தொடங்கும். எனக்கு இசை தெரியாது. இது என் மனைவி வெர்லீன் சொல்லித் தெரிந்தது.

நீங்களும் மிசிசிப்பிக்காரர்தான், பார்த்திருப்பீர்கள். கிடார் வாங்க வழியில்லாத வீட்டில், துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்து, சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டுவார்கள். அடியில் புட்டிகளைச் செருகினால் கம்பி விறைக்கும். ஒரு கையால் மீட்டி, மறு கையில் மருந்துப் புட்டியை வைத்துக் கம்பிமேல் வழுக்கினால் வீடே பாடும். எங்கள் பக்கத்தில் ப்ளூஸ் இசை வாசிக்கிறவர்கள் பலர் அப்படித் தொடங்கிப் பிறகு கிடாருக்குப் போனவர்கள். வெர்லீன் போகவில்லை. அவள் கம்பி அவளுடைய அம்மாவின் துடைப்பத்தில் இருந்தது. கல்யாணமாகி வந்த அன்றே அதை என் வீட்டு முன்சுவரில் கட்டினாள்.

நான் ஜாக்சனில் கல்லூரி முடித்தவன். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மாலையில் ரயில்பாதையைத் தாண்டும்போதே அந்தச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடி வீடு சேர்வது என் பழக்கம். பழக்கத்தை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள்.

போன குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். பின்னணி இசைக்கு வெர்லீனின் தாய்மாமன் ஹோசியா டங்கனைப் பிடித்தார்கள். இரும்புத் தகட்டில் செய்த கிடார் வாசிப்பவர். அவர்தான் அவளை அவர்களிடம் அழைத்துப் போனார். எங்கள் சுவரிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். மீதிப் படத்துக்கும் வாசிக்க அவளைத் தங்களோடு வரச் சொன்னார்கள்.

மார்ச்சில் அவள் யாசூ ஆற்றில் கிடைத்தாள். எங்கள் கார் பாலத்தடியில் நின்றது. உடம்பில் தண்ணீர் நிறைய வேலை செய்திருந்தது. கழுத்தில் மெல்லிய கோடு. கெளுத்தி பிடிக்க ஆற்றின் குறுக்கே கட்டுகிற தூண்டில் கயிறு சுற்றியிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை.

பிறகு ஒரு காட்சிக்கு இன்னும் கொஞ்சம் இசை தேவைப்பட்டது. அதே சுவர் வேண்டும் என்றார்கள். ஹோசியா ஒலிப்பதிவாளரோடு வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய பொரித்த மீன்.

"தின்னு வாத்தியாரே. இந்த வீட்டு எலியே உன்னப் பாத்துப் பரிதாபப்படும் போல."

மைக்கை வைத்தார்கள். ஹோசியா சுவர்க் கம்பியை ஒரே ஒருமுறை மீட்டிவிட்டு நிறுத்தினார்.

"இது அவ கம்பி இல்லயே."

அது அறுந்துபோனது என்றேன்.

"அறுந்தா முடிச்சுப் போட்டிருப்பா. சின்னப் பிள்ளைல எங்க அக்கா தொடப்பத்துலேர்ந்து நான்தான் அத அவளுக்குப் பிரிச்சுக் குடுத்தேன். இது கடைல வாங்குன கிடார் கம்பி. படிச்சவன் புத்தி பாரு."

அது என் பிழை. நல்ல கம்பி வாங்கினால் போதும் என்று நினைத்துவிட்டேன். ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டு சிகரெட் வாங்கக் கடைக்குப் போனார். ஹோசியா பழைய கம்பியைக் கேட்டார். துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, அவளுடையதுதான் படத்தில் வர வேண்டும் என்றார். அவர் சுவரைப் பார்த்தார். பழைய ஆணி பிடுங்கப்பட்ட ஓட்டை புதிய ஆணிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் கட்டைவிரல் கம்பியை விட்டுத் தன் கழுத்துக்குப் போனது. மெதுவாக ஒரு கோடு இழுத்தது.

"தூண்டில் கயிறு தடி நூலுடா," என்றார். "நூலு இப்பிடி அறுக்காது."

அவருடைய கிடார் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். முதல் அடியில் உட்கார்ந்தார். அடுத்ததில் தாடை போனது. வெர்லீன் என்று சொல்ல முயன்றார் என்று நினைக்கிறேன். அசைவு நிற்கும்வரை அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. காலையில் இந்த ஸ்டேஷனில் நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். தெளிவான பதிவு.

வெர்லீன் விஷயம் வேறு. அதைக் கொலை என்று எழுத வேண்டாம். அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது கம்பிச் சத்தமே இல்லை. சுத்தியலால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"செவுரு உன்னுது, கம்பி என்னுது வாத்தியாரே. ஒரு பலகைல அடிச்சு எடுத்துட்டுப் போறேன். கோடைக்குள்ள வந்துருவேன்."

கம்பியையாவது விட்டுப்போ என்று கேட்டேன். இரண்டுமுறை கேட்டேன். அவள் சிரித்தபடி ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். மறுமுனை என்னிடம் இருந்தது. அவள் போகாமல் நிற்கும்வரை பிடித்திருந்தேன், அவ்வளவுதான். கொஞ்சம் நேரமானது. கால்கள் சுவரை உதைத்தன. சுவர் அப்போதும் நன்றாகவே ஒலித்தது. இருட்டியபின் அவளை ஆற்றில் விட்டேன்.

பழைய கம்பி எங்கே என்று நீங்களும் கேட்டீர்கள். என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துடைப்பம் இருக்கிறது. கட்டு தளர்ந்திருந்தது, அந்தக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். தினமும் காலையில் அதைக் கொண்டுதான் பெருக்குகிறேன். வெர்லீனுடைய எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை.