மேல் வளைவுக்குப் போற ஜீப்பு

அட, கதவ இழுத்துச் சாத்தாதீங்க சார். லேசா தொறந்தே கெடக்கட்டும், கையில புடிச்சுக்கங்க. பெல்ட்டா? அதையும் கழட்டிருங்க. மழைக்காலத்துல இந்த ரோட்டுல எல்லாரும் இப்படித்தான் போவாங்க. மேலேர்ந்து மண்ணு வந்தா குதிக்கணும்ல? மண்ணு என்ன, நீங்க பெல்ட்ட அவுக்கற வரைக்கும் நிக்குமா?

கண்ணாடிய ஏத்தக்கூடாது சார். கல்லு உருளுற சத்தம் கேக்கணும். நனைஞ்சா நனைங்க, காஞ்சுக்கலாம்.

என்ன கேட்டீங்க, இந்தப் பக்கம் எது பெரிய ஆபத்துன்னா? நல்லாக் கேட்டீங்க. வெயில்ல காடு எரியும். காத்துல கூரை பறக்கும். மழை புடிச்சா ஆறு வீட்டுக்குள்ள வரும், சொந்தக்காரங்க மாதிரி. சொல்லாம கொள்ளாம வரும், போகும்போது எதையாவது தூக்கிட்டுப் போகும். ஆனா அதெல்லாம் முன்னாடியே மூஞ்சியக் காட்டிரும். இந்த மலை இருக்கு பாருங்க, ஊமைக் கோட்டான். கம்முனே கெடக்கும்.

என் போன்ல அந்தக் கடைசி நம்பரக் கொஞ்சம் கூப்பிடுங்க. எடுக்கலயா? இன்னொருக்கா அமுக்குங்க. என் வீட்டுக்காரிதான். காலையில கூப்பிட்டா. பின்பக்கச் சுவத்துல விரிசல் விட்டிருக்கு, கதவு சாத்தமாட்டேங்குது, வந்து கூட்டிட்டுப் போன்னா. நான் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்தேனா? நீ போடற சத்தத்துக்கு சுவரு விரியாம என்ன பண்ணும்னேன். எப்பவும் திருப்பிக் குடுப்பா சார், அவ நாக்கு என்னுதை விட நீளம். இன்னிக்கு படக்குன்னு வெச்சிட்டா.

அதுலேர்ந்து எடுக்கல.

இருங்க... அந்த ஓரத்துத் தண்ணியப் பாருங்க. இப்பத்தான தெளிவா ஓடுச்சு? செவந்துருச்சு. இல்ல, ஒண்ணுமில்ல, நீங்க கதவப் புடிச்சுக்கங்க. கியர் விழமாட்டேங்குது சார். கெழட்டு வண்டி.

திரும்பறதா? ஒரு மாடு திரும்ப எடமில்ல, ஜீப்ப எங்க திருப்பறது?

என் கை இந்த வண்டிக்குப் பழகலயேங்கறீங்களா? கண்டுபுடிச்சிட்டீங்க. உங்க டிரைவரு எங்க அக்கா வீட்டுக்காரரு. இந்த மழையில மேல வரமாட்டேன்னு படுத்துட்டாரு. சாவிய மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். நான் காய்கறி லாரி ஓட்டறவன். கீழ செக்போஸ்டுல சங்கிலி கட்டி ரோட்ட அடைச்சிட்டாங்கல்ல, என்னை விடல. கால்ல கூட விழுந்து பாத்தேன். ஆபீசர் வண்டின்னா சங்கிலிய இறக்குவாங்க. இறக்குனாங்களா இல்லயா? சல்யூட் வேற. அதுக்குத்தான் சார் உங்களக் கூட்டிட்டு வந்தேன். திட்டுங்க, தாராளமா. வளைவு தாண்டுனா கெட்டிப் பாறை, அங்க இறக்கி விட்டுடறேன். நான் மட்டும் போய்க்கறேன்.

இந்தா வந்துருச்சு வளைவு. சார், நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க, நல்லாப் பாருங்க. மேல, ரெண்டு பெரிய மரம். நடுவுல நீலத் தகரம் போட்ட வீடு, எங்க வீடு. தெரியுதா?

எந்த மரமா?

ஆமா சார். எனக்கும் தெரியல.