துரை என்ற நாய்க்குக் குரல் கொடுத்தது தொடர்பாக

என் பெயரையும் முகவரியையும் முதல் தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்து மூன்று. கணவர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இல்லை. தொழில் என்ன என்று காவல் நிலைய எழுத்தர் கேட்டதற்குக் குரல் என்று சொன்னேன். அப்படியொரு தொழில் கிடையாது என்று அவர் சொன்னதால் துணிக்கடை அறிவிப்பாளர் என்று எழுதிக்கொள்ளச் சம்மதித்தேன். அதுவும் பொய்யில்லை. நான்கு மாடித் துணிக்கடையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த மாடியில் என்ன கிடைக்கும் என்று சொல்வதும், வழியை மறித்து நிறுத்திய வண்டியை எடுக்கச் சொல்வதும், கூட்டத்தில் கையை விட்டுப் போன குழந்தையின் சட்டை நிறத்தை அறிவிப்பதும் என் வேலை. அதற்கு முன் சில வருடங்கள் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களுக்கு டப்பிங் பேசினேன். அணில், வாத்து, அழுகிற கைக்குழந்தை எல்லாம் பேசியிருக்கிறேன். மனுஷியாகப் பேசுகிற வாய்ப்புதான் கடைசிவரை வரவில்லை.

இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட விலங்குக் காப்பகத்தை நடத்துகிறவரைப் பெரியவர் சிறியவர் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். கடையில் தையல் பிரிவில் மிஞ்சும் வெட்டுத் துணியை நாய்களுக்குப் படுக்கை போட அவர் மூட்டையாக வாங்கிப் போவார். அப்படி வந்த ஒரு நாள் ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டுவிட்டு, மைக் அறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அடிபட்ட நாய்களையும் பூனைகளையும் எடுத்து வைத்துப் பார்ப்பதாகவும், செலவுக்கு இணையத்தில் நிதி கேட்பதாகவும், படமும் பாட்டும் போட்டு வெளியிட்டால் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன்னு சொல்லியே கேட்டுட்டு இருக்கோம். ஒரு வாய் வெச்சுத்தான் பாப்போமே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன்.

காப்பகம் என்பது பழைய மரக்கிடங்கு. தகரக் கூரை, பினாயில் வாடை, நடுவில் ஒரு பெரிய அண்டாவில் கோழிக்கழுத்தும் அரிசியும் சேர்ந்து கொதித்துக்கொண்டிருக்கும். அக்கா எடுக்கும் வீடியோவுக்கு நான் கடை விட்டு வந்து போனில் குரல் பதிவு செய்து கொடுப்பேன். இந்த நாய்க்கு மருந்து வேண்டும் என்று சொல்லக்கூடாது, எனக்கு மருந்து வேண்டும் என்று சொல்ல வேண்டும், எல்லாமே 'நான்' என்றுதான் வர வேண்டும் என்பது அக்கா போட்ட ஒரே சட்டம். பணம் வர ஆரம்பித்தது. மாதாமாதம் கொடுக்கிறவர்களை வளர்ப்பு அப்பா, வளர்ப்பு அம்மா என்று அழைத்தோம். எனக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் கேட்கவுமில்லை. வீட்டில் நான் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுவிட்டு என் கணவர், நாய்க்காக இவ்வளவு கொஞ்சுகிற வாய் தன்னைக் கண்டால் மட்டும் குரைக்கிறதே என்று கேலி செய்வார்.

அதன் பிறகு துரை வந்தான். வண்டி ஏறிப் பின்னங்கால் இரண்டும் செயலிழந்து போன பழுப்பு நாய். இடது காது நுனி கிழிந்திருக்கும். யார் பக்கத்தில் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தனக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் அந்தப் பெயர். இடுப்பில் மாட்டுகிற சின்னச் சக்கரவண்டி ஒன்றை அவனுக்காக அக்கா செய்யச் சொல்லி வாங்கினார். சிறுநீர் தானாகப் போகாது, வயிற்றை மெதுவாக அமுக்கி எடுக்க வேண்டும். எனக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவனுக்கு நான் கொடுத்தது கொஞ்சம் அதிகாரமான குரல். 'துரை எழுந்தாச்சு, யாரங்கே' என்று தொடங்குவேன். அந்தக் குரல்தான் எல்லோருக்கும் பிடித்தது.

துரையின் வளர்ப்பு அப்பாக்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். எல்லோரும் எழுத்தில் செய்தி அனுப்புவார்கள், அவர் மட்டும் பேசி அனுப்புவார், அதுவும் துரைக்கு. பின்னால் எஞ்சின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். மழை, டயர் வெடித்தது, சாப்பாடு சரியில்லை என்று எல்லாவற்றையும் துரையிடம்தான் சொல்வார். மனைவி இறந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு லாரியிலேயே இருப்பதாக ஒருமுறை சொன்னார். அவருக்குத் துரையாகப் பதில் பேசி அனுப்பும்படி அக்கா சொன்னார். நானும் பேசினேன். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருக்கலாம். துரையாக நான் அவரை அப்பா என்று கூப்பிட்டேன்.

மழைக்காலத்தில் துரைக்குச் சிறுநீரகத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் வந்து ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். எதற்கும் காய்ச்சல் இறங்கவில்லை. செத்தபோது தலை அக்காவின் மடியில் இருந்தது. அன்றைக்கு மட்டும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். வண்டியைக் கழுவிக் காயவைத்தோம். அக்கா அன்று எதுவும் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்றார். எழுத்தர் இந்த இடத்தில், உரிமையாளர் என்னை மிரட்டினார் என்று எழுதலாமா என்று கேட்டார். மிரட்டவில்லை. அவர் சொன்னது இதுதான்: "அவன் பேர்லதான் மத்ததுங்க சாப்பிடுது. அவன் இல்லன்னு சொன்னா இதுங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்மா." அப்போது அண்டாவைச் சுற்றி அத்தனையும் நின்றுகொண்டிருந்தன. நான் தலையாட்டினேன். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அக்கா எங்கள் கடைக்கு இத்தனை முறை வந்திருக்கிறார், தனக்கென்று ஒரு புதுத் துணி எடுத்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு பழைய படங்களை வெட்டி ஒட்டிப் புதிய வீடியோ போட்டோம், அதற்கும் நான் பேசினேன். அது அக்கா சொல்லிச் செய்தது. ஆனால் லாரிக்காரருக்குத் தொடர்ந்து பதில் அனுப்பியது அக்கா சொல்லி இல்லை. துரை செத்த பிறகு அவரிடமிருந்து வந்த முதல் செய்திக்கே பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். அதற்கு அவர், தொண்டை கட்டியிருக்கிறதா, ஈரத்தில் படுக்காதே என்று அனுப்பினார். இத்தனை வருடம் மைக்கில் பேசுகிறேன், என் தொண்டை கட்டியதை யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. துரைக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த செய்திக்கும் பதில் அனுப்பினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவர், லாரியை விடப்போகிறேன் என்று அனுப்பினார். ஒரு கிடங்கில் காவலாளி வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் பாதிதான், ஆனால் தங்க அறை உண்டு, முன்னால் சக்கரவண்டி உருட்ட சிமெண்டு போட்ட தரை உண்டு, துரையை வந்து அழைத்துக்கொண்டு போகிறேன், வயிற்றை அமுக்கச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன் என்றார். அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு, ஏதாவது சொல்லித் தள்ளிப்போடு என்றார். கடை மூடிய பிறகு மைக் அறையில் உட்கார்ந்து, என் சொந்தக் குரலில் பேசிப் பார்த்தேன். அண்ணே என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை, அழித்தேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அழித்தேன். கடைசியில் துரையின் குரலிலேயே, "வண்டிய விடாதீங்கப்பா. எனக்காக எதையும் விட்டுடாதீங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று பேசி அனுப்பினேன். எப்படியோ உண்மையைச் சொல்லிவிட்டோம், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். பெற்ற பிள்ளைகூட இப்படிச் சொல்லாது என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். சிரிப்பில் குரல் உடைந்திருந்தது. அடுத்த வாரமே லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் வருகிற நாளும் வந்தது. அக்கா வேறு ஒரு பழுப்பு நாயின் இடது காதில் கட்டுப் போட்டு, துரையின் சக்கரவண்டியை அதன் இடுப்பில் மாட்டிவிட்டார். இவனுக்கும் ஒரு வீடு கிடைத்ததாக இருக்கட்டுமே என்று எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். இது சரியில்லை அக்கா என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர, கழற்றவில்லை. மாத உதவி செய்யும் ஓர் அம்மாவும் அன்று காப்பகத்தைப் பார்க்க வந்திருந்தார். இப்போது புகார் கொடுத்திருப்பது அவர்தான்.

லாரிக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக, தலையை எண்ணெய் தடவி அழுத்தி வாரி, புதுச் சட்டை போட்டிருந்தார். அக்குளில் ஒரு மெத்தை. லாரி இருக்கையில் பக்கத்து ஆள் உட்காரும் மெத்தையைக் கழற்றி, வெட்டித் தைத்துத் துரைக்குப் படுக்கையாகச் செய்திருந்தார். வந்த வேகத்தில் தரையில் குந்தி, துரை என்று கூப்பிட்டார். அந்த நாய் யார் கூப்பிட்டாலும் வருகிற நாய். எழுந்து நாலு காலிலும் நின்று, வண்டி பின்னால் கடகடவென்று இழுபட, அவரிடம் ஓடியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் அந்தக் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, "கால் வந்துடுச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லையே இவன்" என்றார். முகமெல்லாம் கண்ணீர். ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அக்கா ஆமாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "அண்ணே, அது துரை இல்ல" என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த நாயின் வாயைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

சத்தம் போடுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். எதுவும் செய்யவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனேன். மண் இறுகிப் புல் முளைத்திருந்தது. அதைப் பார்த்தே எவ்வளவு நாளாகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "நீ சொல்லத்தாம்மா செஞ்சே. வண்டிய விடாதீங்கன்னு சொன்னே. அவன் சொல்றான்னுல்ல நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். என் மேல் பழி போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெத்தையை அந்த இன்னொரு நாய்க்கே போட்டுவிட்டு, அதன் இடுப்பிலிருந்து வண்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். லாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இன்று அவர் அந்தக் கிடங்கு அறையில் தனியாக இருக்கிறார். புகாரில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்று இங்கே சொன்னார்கள்.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரே ஒரு குரல் செய்தி வந்தது. போனை ஒப்படைத்திருக்கிறேன், அதில் இருக்கிறது. பேச்சு எதுவும் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிறது. முடிவுவரை கேட்டேன். எந்தக் குரலில் பதில் சொல்வது என்று தெரியாததால் பதில் அனுப்பவில்லை.

காப்பகத்துப் பிராணிகளுக்கு இப்போது யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டேன். அது இந்த விசாரணையில் வராது என்று எழுத்தர் சொன்னார். கேட்டேன் என்பதை மட்டுமாவது எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். யாரும் சொல்லிக் கொடுத்து இதைச் சொல்லவில்லை. சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதில் நான் என்று வருகிற இடமெல்லாம், துரை பேசியதாக வருகிற இடம் உட்பட, நானே.

(ஒப்பம்)